மூணு நாள் ரோம், கையில 250 யூரோ: வீட்ல சொல்லணுமா?

#1 தொட்டிப்பாலம்

எல்லாருக்கும் வணக்கம். நான் திருவட்டார் பக்கம். ஜெர்மனியில கெம்னிட்ஸ்ல முதுநிலை படிக்கேன், வந்து ஒரு வருசம் ஆச்சு. இந்த ஒரு வருசத்துல காலேஜ், ரூம், பார்ட் டைம் வேலை பாக்குற குடோன், இது மூணையும் விட்டா வேற எதையும் கண்டதில்ல.

போன வாரம் ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கும்போது சும்மா போனை நோண்டினேன். பெர்லின்ல இருந்து ரோம், போக வர 58 யூரோன்னு காட்டுச்சு. குளிர்ல கை விறைச்சுப் போயிருந்துச்சு, எப்படி அமுக்கினேன்னே தெரியல. டிக்கெட் போட்டாச்சு. நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை காலைல எறங்கி ஞாயிறு ராத்திரி திரும்பணும்.

டிக்கெட் போக கையில 250 யூரோ வச்சிருக்கேன். எங்க தங்க, எதைப் பாக்க, எதை விட? யூடியூப்ல பாத்தா ஒவ்வொருத்தனும் நாப்பது இடம் சொல்லுதான். நாப்பதும் பாத்தா காலு போயிரும்.

இன்னொரு விசயம். அம்மைகிட்ட மட்டும் சொன்னேன். அவ உடனே, "ரோமுலதான் சவேரியாருக்க கை இருக்காம்லா மக்கா, அதைப் பாத்துக் கும்பிட்டுட்டு வா"ன்னா. நாங்க இந்துதான். ஆனா நான் பிள்ளையா இருக்கும்போது காய்ச்சல்ல கிடந்ததுக்கு கோட்டாறு சவேரியார் கோயில்ல நேர்ச்சை போட்டிருக்கா, அதுல இருந்து வருசம் தவறாம திருநாளுக்குப் போவா. சவேரியார்னா பிரான்சிஸ் சேவியர், அவருக்க உடம்பு கோவாவுலன்னுதானே நாம படிச்சது? கை எப்படி ரோமுக்குப் போச்சு?

அப்பாகிட்ட சொல்லல. அவரு ரப்பர் பால்வெட்டுக்குப் போறவரு. லோன் இன்னும் அப்படியே கிடக்கு. சொல்லணுமான்னும் சேத்து சொல்லுங்க.

#2 ஆரல்காத்து

தம்பி, நான் ஹாம்பர்க்ல எட்டு வருசம். இடம் எல்லாம் வேற ஆளுவ சொல்லுவாவ, நான் பேப்பர் விசயம் மட்டும் சொல்லுதேன்.

பாஸ்போர்ட், ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு ரெண்டும் கையிலயே இருக்கணும், ஜெராக்ஸ் செல்லாது. ஜெர்மன் கார்டு வச்சிருக்கிறவனுக்கு மத்த ஷெங்கன் நாட்டுக்கு 180 நாளுக்குள்ள 90 நாள் வரை விசா இல்லாமப் போகலாம், அதனால இத்தாலிக்குத் தனி விசா வேண்டாம். கார்டைப் புதுப்பிக்கக் குடுத்துட்டு இடையில நிக்கிறவனா இருந்தா மட்டும் வெளிநாட்டவர் அலுவலகத்துல கேட்டுட்டுக் கிளம்பு.

அரசுக் காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பாரு. பின்பக்கம் நீல நிறத்துல இருக்கிறதுதான் ஐரோப்பிய சுகாதார அட்டை. இத்தாலியில அவசரம்னா அரசு ஆஸ்பத்திரியில அதைக் காட்டலாம்.

முக்கியமான ஒண்ணு. மலிவு விமானம் சிலதுல நம்ம பாஸ்போர்ட் உள்ளவங்க, போன்ல போர்டிங் பாஸ் இருந்தாலும், முதல்ல கவுண்டர்ல போய் பேப்பரைக் காட்டணும். நான் ஒருக்க நேரா கேட்டுக்குப் போய் நின்னு, திருப்பி ஓட விட்டு, பிளேனையே விட்டிருக்கேன். உன் டிக்கெட்ல பொடி எழுத்துல என்ன இருக்குன்னு உக்காந்து படி.

#3 வடசேரி சந்தை

நான் சொன்னா எல்லாருக்கும் கசக்கும். இருந்தாலும் சொல்லுதேன்.

அப்பன் விடியறதுக்கு முன்ன நெத்தியில லைட்டைக் கட்டிகிட்டு, பாம்பு கிடக்கான்னு பாத்துப் பாத்து மரம் மரமா நடக்கான். மழை பெஞ்சா அன்னைக்குக் கூலி கிடையாது. மவன் ரோமாபுரிக்கு டூர் போறான், அதுவும் சொல்லாம. நாங்க எல்லாம் படிச்ச காலத்துல திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குப் போறதே வீட்ல மூணு நாள் பேச்சு. 250 யூரோன்னா இன்னைக்குக் கணக்குல இருபதாயிரத்துக்கு மேல. அதை வட்டியில கட்டு மக்கா. ரோம் எங்கேயும் ஓடிப் போவாது.

#4 தொட்டிப்பாலம்

அண்ணாச்சி, கசக்கல. நீங்க சொன்னதை நானும் ராத்திரி படுத்துகிட்டு எனக்கு நானே சொல்லிப் பாத்ததுதான்.

ஆனா இது வீட்டுக் காசு இல்ல. குடோன்ல மணிக்கு 13 யூரோ சொச்சம், பெட்டி தூக்கிச் சேத்தது. வெளிநாட்டு மாணவன் வருசத்துக்கு 140 முழுநாள்தான் வேலை பாக்கலாம்னு இங்க சட்டம், அதுக்கு உள்ளதான் பாக்கேன். மாசம் தவறாம வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்புதேன்.

#5 தோவாளைப்பூ

நான் ஒரு தாயா பேசுதேன். எனக்க மவ டப்ளின்ல இருக்கா. அயர்லாந்து ஷெங்கன்ல இல்ல, அதனால அவளுக்கு ரோம் போக விசா எடுக்கணும். அந்த விசாவுக்கு அலைஞ்சு அலைஞ்சு கடைசியில போகவே இல்ல. அதனால போகக் கிடைச்சவன் போகட்டும்னுதான் நான் சொல்லுவேன்.

ஆனா சொல்லாமப் போகாத மக்களே. நாங்க எப்படிக் கண்டுபிடிப்போம்னு நினைக்க? பக்கத்து வீட்டுப் பையன் ஸ்டேட்டஸைக் கொண்டு வந்து காட்டுவான். "உம்மவன் எங்கேயோ நிக்கான் பாரு"ன்னு. அந்த நேரம் அப்பன் மூஞ்சி என்ன ஆவும்? போனதுக்கு யாரும் கோவப்பட மாட்டாவ, ஊரான் வாயில இருந்து கேட்டதுக்குத்தான் கோவம் வரும்.

#6 டைபர்கரை நர்ஸ்

கடியப்பட்டணம் பிள்ளை நான். ரோமுக்கு வந்து பதினோரு வருசம். எங்க ஊர்ல இருந்து வாறவங்களுக்கு எல்லாம் இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, இங்க எழுதி வச்சா அனுப்பி விடலாம் பாரு.

ஏர்போர்ட்ல எறங்கினதும் லியோனார்தோ எக்ஸ்பிரஸ்னு ஒரு ரயில் நிக்கும், 14 யூரோ, 32 நிமிசத்துல தெர்மினி, அதான் ரோமுக்க பெரிய ஸ்டேஷன். அதுல ஏறாத. அதே ஸ்டேஷன்ல லோக்கல் ரயில் 8 யூரோ. அது தெர்மினிக்குப் போவாது, ஒஸ்தியன்சேல எறங்கி மெட்ரோ மாறணும். பஸ் இன்னும் மலிவு.

மெட்ரோவுல கார்டைத் தட்டிப் போகலாம், ஒரு டிக்கெட் 1.50, நூறு நிமிசம் செல்லும். பேப்பர் டிக்கெட் வாங்கினா பஸ்ஸுக்குள்ள இருக்கிற மெஷின்ல குத்தணும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்ல. இதை ரெண்டு தடவை படி.

64-ஆம் நம்பர் பஸ் தெர்மினியில இருந்து வத்திக்கான் பக்கம் போறது. அதுல பிக்பாக்கெட்டுக்காரன் டிக்கெட் எடுக்காமலே சம்பாதிப்பான். பர்ஸ் முன்பாக்கெட்ல.

தண்ணி பாட்டில் காசு குடுத்து வாங்காத. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய் ஒண்ணு நிக்கும், வளைஞ்ச மூக்கு மாதிரி, ராவும் பகலும் ஓடிகிட்டே இருக்கும். நாசோனின்னு பேரு, பெரிய மூக்குன்னு அர்த்தம். ஊர் முழுக்க ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு. மூக்கு நுனியை விரலால அடைச்சா மேல ஒரு ஓட்டை வழியா தண்ணி பீச்சும், வாய வச்சுக் குடிச்சுக்கலாம்.

காப்பியை நின்னுகிட்டே குடி. உக்காந்தா அதே காப்பிக்கு ரெண்டு மூணு மடங்கு வாங்குவாவ. ஓட்டல்ல உக்காந்தா ரொட்டி, சேவைன்னு ஆளுக்கு ஒரு தொகை பில்லுல ஏறலாம். தெர்மினி பக்கத்துல எஸ்குவிலினோ சந்தை இருக்கு. கறிவேப்பிலை, பச்சமிளகா, மரச்சீனிக் கிழங்கு வரை கிடைக்கும். ஞாயிறு லீவு.

வத்திக்கான் மியூசியம் மாசத்துக் கடைசி ஞாயிறு இலவசம், காலை 9 மணிக்குத் திறப்பாவ, 12:30-க்கு மேல உள்ள விட மாட்டாவ. உனக்க ஞாயிறு அதுதான். ஆனா கூட்டம் மாசானக்கொடைக்குக் கூடுற மாதிரி கூடும், தாங்குவியான்னு பாத்துக்க. பேதுரு கோயிலுக்கு எப்பவுமே காசு கிடையாது.

கை விசயம்: உண்டு. ஜேசு கோயில்ல இருக்கு. மத்தியானம் மூடிருவாவ, சாயங்காலம் போ. நேரம் கிடைச்சா மரியா மஜ்ஜோரே கோயில்லயும் ஏறு, பிரான்சிஸ் போப்பை அங்கதான் அடக்கியிருக்கு. கல்லறையில ஒரே ஒரு பேரு, அதுக்கு மேல ஒரு எழுத்து கிடையாது.

#7 நாஞ்சில் வாத்தியார்

கையின் கதையைக் கேட்டிருந்தீர்கள். சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். உடல் மலாக்கா வழியாகக் கோவா வந்தது. 1614-இல் இயேசு சபைத் தலைவரின் ஆணைப்படி வலது முன்கையை வெட்டி ரோமுக்குக் கொண்டுபோனார்கள். ஏன் வலது கை? ஞானஸ்நானம் கொடுத்த கை அது. 1544-இன் கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில், அதாவது நம் கடற்கரையில், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கை ஓய்ந்து போகும் என்று வேறொரு கடிதத்தில் சொல்கிறார். ஆக, உங்கள் அம்மா பார்க்கச் சொல்வது ரோமாபுரிக் கை அல்ல, முட்டம், குளச்சல், கடியப்பட்டணத்து மணலில் வேலை செய்த கை.

நாம் ரோமை அறிவதற்கு முன்பே ரோம் நம்மை அறியும். 1-ஆம் நூற்றாண்டில் ஒரு கிரேக்கக் கடல் வணிகர் எழுதிவைத்த குறிப்பில் குமரி வருகிறது: அங்கே ஒரு துறை உண்டு, நோன்பிருப்பவர்கள் வந்து நீராடுவார்கள் என்று. இன்றைக்கும் அதைத்தானே செய்கிறோம்? ரோமன் ஃபோரம் பக்கம் மாக்ஸென்டியுஸ் என்ற மன்னன் பேரில் மூன்று பெரிய வளைவுகள் நிற்கும். அதன் அடியில்தான் தொமிசியான் காலத்து மிளகுக் கிட்டங்கி இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை மிளகு கப்பலேறிப் போய் அடைந்த இடம். வெளியே நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

பேதுரு சதுக்கத்தில் நிற்கும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நட்டாலத்தில் பிறந்து, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளையைப் புனிதர் என்று அறிவித்தது அந்தச் சதுக்கத்தில்தான், 2022 மே 15.

#8 வடசேரி சந்தை

மிளகு போன பாதையில இப்போ மவனும் போறான். மிளகு போனா பொன்னாவது திரும்பி வந்துச்சு வாத்தியாரே.

#9 தொட்டிப்பாலம்

போயிட்டு வந்துட்டேன். எல்லாருக்கும் நன்றி, முக்கியமா நர்ஸ் அக்காவுக்கு. ஆனா அக்கா ரெண்டு தடவை படின்னு சொன்னதை நான் ஒரு தடவைதான் படிச்சேன்.

வெள்ளிக்கிழமை, வந்து ரெண்டு மணி நேரம் ஆவல. கடையில பேப்பர் டிக்கெட் வாங்கினேன். பஸ்ஸுல கூட்டம், மெஷின் அந்தக் கடைசியில. அடுத்த ஸ்டாப்புல குத்திரலாம்னு நின்னேன். அடுத்த ஸ்டாப்புல ஏறினது செக்கிங். டிக்கெட்டைக் காட்டினேன், அவரு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு தலைய ஆட்டினாரு. 50 யூரோவுக்கு மேல போச்சு. 250-ல அஞ்சுல ஒண்ணு, ரோமுல ஒரு கல்லைக்கூட பாக்கறதுக்கு முன்ன. கொஞ்ச நேரம் ஒரு படிக்கட்டுல உக்காந்துட்டேன். வடசேரி அண்ணாச்சி சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு.

அதனால மிச்ச மூணு நாளும் சாப்பாட்டுல கையை வச்சேன். அம்மை போன மாசம் அனுப்பின நேந்திரங்காய் உப்பேரி ஒரு பாக்கெட் கொண்டு போயிருந்தேன். தட்டுல சதுரமா வெட்டி நிறுத்துத் தாற பீட்சா, சோத்துக்குள்ள சீஸ் வச்சுப் பொரிச்ச சுப்ளீன்னு ஒரு உருண்டை, குழாய்த் தண்ணி. ஒரே ஒரு ராத்திரி மட்டும் உக்காந்து சாப்பிட்டேன்: பாஸ்தா, சீஸ், மிளகு, மூணே சாமான். வாத்தியார் சொன்னதுக்காக மிளகைத் தனியா நாக்குல வச்சுப் பாத்தேன். நம்ம வீட்டுப் பலாவுல ஏறிக் கிடக்கிற கொடி மிளகுக்குக் காரம் கூடுதல், பெருமைக்குச் சொல்லல.

கொலோசியம் வெளிய சுத்திப் பாத்ததோட சரி, டிக்கெட் 18 யூரோ, ஃபைன் கட்டினவனுக்குத் தாங்காது. பாந்தியோனுக்கு 5 யூரோ குடுத்து உள்ள போனேன். மேல கூரை நடுவுல வட்டமா ஒரு ஓட்டை, மழை பெஞ்சா நேரா தரையில விழும், தரையிலயே தண்ணி போக பொடிப் பொடி துவாரம் போட்டிருக்காவ. கம்பி இல்லாத கான்கிரீட்டுல கிட்டத்தட்ட 43 மீட்டர் அகலத்துக்கு கூரை, 1900 வருசமா நிக்குது. திரெவி நீரூற்றுல காசு போடல. ஒரு யூரோ ஒரு யூரோதான்.

#10 டைபர்கரை நர்ஸ்

குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லன்னு நான் எழுதினேனா இல்லியா? சவத்த விடு. எல்லாரும் ஒருக்க கட்டினதுதான். நானும் கட்டியிருக்கேன்.

கோயிலுக்குப் போனியா?

#11 தொட்டிப்பாலம்

போனேன் அக்கா. சனிக்கிழமை ஒரு மணிக்குப் போனா பூட்டு. நீங்க இதையும் சொல்லியிருந்தீங்க. சாயங்காலம் திரும்பி வந்தேன்.

வெளியில இருந்து பாத்தா சாதாரணமா இருக்கு. உள்ள போனா தலை சுத்துது, கூரை ஓவியம் சட்டத்தை விட்டு வெளிய வழிஞ்சு கீழ விழற மாதிரி வரைஞ்சு வச்சிருக்காவ. இடது பக்கம், இயேசு சபையைத் தொடங்கின இஞ்ஞாசியார் கல்லறை. அங்கதான் கூட்டம். தினமும் சாயங்காலம் அஞ்சரைக்கு பாட்டு போட்டு, முன்னால இருக்கிற பெரிய படம் கீழ எறங்கி உள்ள இருக்கிற வெள்ளிச் சிலை தெரியுற மாதிரி ஒரு ஏற்பாடு. எல்லாரும் போனைத் தூக்கிகிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னாவ.

நேர் எதிர, வலது பக்கம் பலிபீடத்துக்கு மேல ஒரு பொன்னுப் பேழை. அதுக்குள்ள கை. அந்தப் பக்கம் அப்போ நானும் ஒரு வயசான பாட்டியும் மட்டும். ரொம்ப உயரத்துல, சரியாவும் தெரியல. காஞ்சு கறுத்து, சின்னதா, வேலை பாத்த கை மாதிரித்தான் இருந்துச்சு.

அம்மைக்கு வீடியோ கால் போட்டேன். ஊர்ல ராத்திரி பத்து மணி இருக்கும். அவ கோட்டாறுல நிக்கா! திருநாள் கொடி ஏறி ஒரு வாரம், அன்னைக்குப் பாத்து நேர்ச்சைக்குப் போயிருக்கா. அங்க செண்டைமேளம், பலூன்காரன் சத்தம், பேரீச்சம்பழக் கடைக்காரன் மைக்குல கத்துதான். இங்க நான் சத்தம் காட்டாம போனைத் தூக்கிப் பிடிச்சு நிக்கேன். "அங்கோட்டு காட்டு, இன்னும் மேல காட்டு"ன்னா. காட்டினேன். ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "சாப்பிட்டியா"ன்னா.

ஞாயிறு காலை ஏழரைக்கு வத்திக்கான் மியூசியம் வரிசைக்குப் போனேன். மதில் ஓரமா வரிசை போவுது, வளைவுல திரும்பினா இன்னும் போவுது, அடுத்த வளைவுலயும் போவுது. ஒன்பது மணி வரை நின்னேன். அசையல. அப்பதான் வரிசையில எனக்கு முன்னால நின்ன ஒரு இத்தாலிக்காரப் பையன் எந்த ஊருன்னு கேட்டான். அவனும் சிவில் படிக்கான். போன்ல, வாய்க்கால் தண்ணி மேல ஓடுற நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம் போட்டோவைக் காட்டினேன், எனக்க பேரே அதுதானே இங்க. அவன் ஒரு நிமிசம் உத்துப் பாத்துட்டு, இதுக்க பாட்டன் இந்த ஊர்ல இருக்கு, மெட்ரோவுலயே போயிரலாம்னான்.

வரிசையை விட்டு எறங்கிட்டேன். ஒட்டாவியானோ ஸ்டேஷன்ல ஏறினா அதே ஏ லைன், ஜூலியோ அக்ரிகோலாவுல எறங்கி பத்துப் பதினஞ்சு நிமிசம் நடை. நம்ம அடுக்குமாடி மாதிரி கட்டடமா இருக்கிற தெரு, துணி காயுது, கிழவனுவ பேப்பர் படிக்கானுவ. தெரு முடிஞ்சதும் ஒரு புல்வெளி. அதுக்கு அந்தால நிக்குது. வளைவு, வளைவு, வளைவு, கண்ணு எட்டுற வரை.

டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது. நாய் கூட்டிட்டு நடக்கிறவன், ஓடுறவன், பந்து விளையாடுற பிள்ளையள். நான் ஒரு வளைவுக்கு அடியில போய் கல்லைத் தொட்டுப் பாத்தேன். உப்பேரி பாக்கெட்ல மிச்சம் கிடந்ததை அங்க இருந்துதான் தின்னேன். ரெண்டு மணி நேரம் அங்கேயே. எனக்கு வேற எங்கேயும் போகத் தோணல.

#12 ஆரல்காத்து

//வரிசையை விட்டு எறங்கிட்டேன்//

டேய், ரோமுக்குப் போய், இலவச ஞாயித்துக்கிழமை, வாசல் வரைக்கும் போய், மைக்கேல் ஆஞ்சலோ நாலு வருசம் அண்ணாந்து நின்னு வரைஞ்ச கூரையைப் பாக்காம, வாய்க்கால் பாலம் பாத்துட்டு வந்திருக்க. அதுவும் எங்க ஊர்ல இல்லாத வாய்க்கால் பாலமா? பஸ்ஸுல ஏறிப் போனா மாத்தூர்.

#13 தோவாளைப்பூ

விடுங்க தம்பி. கூரை ஓவியம் போன்லயே தெளிவாத் தெரியும். நான் பாத்திருக்கேன். அவன் மனசுக்குப் பிடிச்சதைப் பாத்தான்.

#14 பட்டணங்கால்

இந்த இழையில் முதல் பதிவு. பொதுப்பணித்துறை பாசனப் பிரிவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓவியத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. பாலத்தைப் பற்றி உண்டு.

தம்பி பார்த்தது பெரும்பாலும் அக்வா கிளவுதியா என்ற பழைய ரோமானிய வாய்க்காலாக இருக்க வேண்டும். கி.பி. 38-இல் கலிகுலா தொடங்கி 52-இல் கிளவுதியுஸ் முடித்தது. ஏறத்தாழ 69 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில்தான். ஊரை நெருங்கும்போது தரை தாழ்கிறது, தண்ணீரின் மட்டம் தாழக் கூடாது, அதனால் வளைவுகளின் மேல் ஏற்றினார்கள். மோட்டார் இல்லை, பம்பு இல்லை, சரிவு மட்டும். சரிவு கூடினால் தண்ணீர் கல்லை அரிக்கும், குறைந்தால் வண்டல் அடையும். நம் வாய்க்காலிலும் இதே தலைவலிதான், பென்ஷன் வாங்கும்வரை எனக்கு அதே வேலைதான்.

மாத்தூரில் பறளியாறு குறுக்கே வருகிறது. இரண்டு பக்கமும் குன்று. பட்டணங்கால் வாய்க்கால் தண்ணீர் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் போயாக வேண்டும், இறங்கி ஏறினால் மட்டம் போய்விடும். அதனால் 28 தூண் நிறுத்தி, மேலே தொட்டி. உயரம் 115 அடி, அதாவது 35 மீட்டர். 1960-களில் கட்டியது. தம்பி நின்ற பூங்காவில் உள்ள வளைவுகள் மிக உயர்ந்த இடத்தில் 28 மீட்டர் அளவுதான். உயரத்தில் நம்முடையது கூடுதல். வயதில் அவர்களுடையது.

இன்னொன்று. நர்ஸ் அம்மா நாசோனி, பெரிய மூக்கு என்று எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பேச்சிப்பாறை அணையைக் கட்டிய மிஞ்சின் துரையை மலைக்காரர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள்? மூக்கன் துரை. இங்கேயும் அங்கேயும் தண்ணீர் தருகிறவன் மூக்கன்தான் போலிருக்கிறது.

#15 நாஞ்சில் வாத்தியார்

முப்பது வருடம் மூக்கன் துரையைப் பாடம் நடத்தியவன் நான், இது தோன்றவே இல்லை. ஓவர்சியருக்கு ஒரு சாயா என் கணக்கில்.

#16 வடசேரி சந்தை

எல்லாம் சரி. அப்பன்கிட்ட சொன்னியா இல்லியா? அதைச் சொல்லாம பாலம் பாலம்னு பேசிகிட்டே போறியே.

#17 தொட்டிப்பாலம்

சொல்லல அண்ணாச்சி. அம்மை சொல்லிட்டா. கோட்டாறுல இருந்து வந்த அன்னைக்கே, கை பாத்த சந்தோசத்துல வாயடக்கத் தெரியல.

திங்கள் ராத்திரி அப்பா கூப்பிட்டாரு. அவரா கூப்பிடுறதே அபூர்வம், பால் காசு வந்தா, இல்ல யாராவது செத்தா கூப்பிடுவாரு. நான் எடுக்கும்போதே கைகாலு நடுங்குச்சு. லோன் பத்திக் கேப்பாரு, ஃபைன் விசயம் தெரிஞ்சிருக்குமோன்னு எல்லாம் ஓடுது.

"அங்க ஒரு தொட்டிப்பாலம் இருக்காம்லா"ன்னாரு.

ஆமான்னேன். போட்டோ அனுப்புன்னாரு. அனுப்பினேன். எனக்க தாத்தா மாத்தூர் பாலம் கட்டும்போது ஜல்லி சுமந்த ஆளு. அப்பா அப்ப கைக்குழந்தை. தாத்தா செத்தப்புறம் அந்தப் பேச்சை அப்பா எடுத்து நான் கேட்டதில்ல.

"சிமிண்டா?"

"கல்லுப்பா. வெட்டுக்கல்லு மாதிரி, பெரிசு பெரிசா."

"சாந்து?"

"பெரிய கல்லுல எல்லாம் சாந்து கண்ணுல படல."

"எப்படி ஏத்தினான்?"

தெரியலப்பான்னேன். எம்மெஸ் படிக்கிறவன், தெரியலன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, லைன் கட் ஆயிட்டோன்னு பாத்தேன்.

"தண்ணி ஓடுதா அதுல?"

"இல்ல, அது எப்பமோ நின்னு போச்சு."

"நம்மதுல ஓடும்லா"ன்னுட்டு வச்சுட்டாரு.

லோனும் கேக்கல, காசும் கேக்கல. மறுநாள் அம்மை சொன்னா, பால்ஷீட் கடையில எல்லாத்துக்கும் அந்த போட்டோவைக் காட்டிட்டு நிக்காராம்.

#18 பட்டணங்கால்

தம்பி, அப்பாவிடம் சொல்லுங்கள்: மரத்தால் பாரந்தூக்கி, கயிறு, கப்பி. பாரந்தூக்கியின் பெரிய சக்கரத்துக்குள் ஆட்கள் நடப்பார்கள், சக்கரம் சுற்றும், கயிறு ஏறும். வளைவு நிற்க அடியில் மரச்சாரம், நடுக்கல் பொருந்தியதும் சாரத்தை உருவிவிடுவார்கள். மாத்தூரிலும் கான்கிரீட் இறுகும்வரை சாரத்தில்தான் நின்றது. அதில் ஏறிச் சுமந்தவருக்கு இது ஒரு வரியில் புரிந்திருக்கும்.

#19 டைபர்கரை நர்ஸ்

அடுத்த தடவை வந்தா வீட்டுக்கு வா மக்கா. எஸ்குவிலினோ சந்தையில கிழங்கு வாங்கி, மீன்கறி வைக்கேன். டிக்கெட்டைக் குத்திட்டு வா.

#20 வடசேரி சந்தை

எனக்க மருமவன் போலந்துல இருக்கான். அவனும் ஒரு வருசமா எங்கேயும் போகல, குடோனும் ரூமும்தான்னு மவ சொல்லுதா. அந்த மெட்ரோ ஸ்டேஷன் பேரை இன்னொருக்க தெளிவா எழுது.

#21 தொட்டிப்பாலம்

ஜூலியோ அக்ரிகோலா. ஏ லைன், அனஞ்ஞீனா பக்கம் போற வண்டி. வெளிய வந்ததும் நேரா ஒரு கோயில் தெரியும், அதைத் தாண்டினா புல்வெளி.